பழைய பேட்டரியைத் திறக்கப் போகும் பிள்ளைக்கு

கண்ணு,

மின்வண்டிகளின் ஓய்ந்துபோன பேட்டரிகளைப் பிரித்து, உள்ளே இருப்பதை மறுபடியும் பேட்டரிக்கே ஆகும்படி மீட்கிற வேலையில் நீ சேரப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். கேட்டதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. நானும் என் வயதொத்தவர்களும் ஈய பேட்டரிகளோடு தொடங்கியவர்கள். லித்தியம் வந்தபோது எங்களில் சிலர் அதையும் கற்றுக்கொள்ளக் கிளம்பினோம். உன் படிப்பு எங்களுடையதைவிடப் புதியது; கருவிகளை உனக்குப் பழக்கித்தர ஆலையில் ஆள் இருப்பார்கள். ஒசூர், போச்சம்பள்ளிப் பக்கமெல்லாம் இப்போது மின்வண்டி ஆலைகள். அங்கிருந்து இன்று பளபளவென்று வெளியே வருகிற ஒவ்வொரு வண்டியும் சில வருடங்கள் கழித்துத் தன் பேட்டரியை உன்னைப் போன்ற ஒருவர் மேசைக்கு அனுப்பும். அந்த மேசைக்கு முன்னால் நிற்கிறவருக்கு என்ன மாதிரி மனம் வேண்டும் என்று என் காலம் முழுக்கப் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். ஒரே நாளில் படித்து முடிக்க வேண்டாம்.

1. பயத்தை விட்டுவிடாதே.

வண்டி ஓடாமல் நின்றுவிட்டது என்பதால் பேட்டரி செத்துவிட்டது என்று எண்ணாதே. ஒரு காரின் பேக் பெரும்பாலும் 400 வோல்ட்டை ஒட்டியிருக்கும். அதை முழுசாக அணைக்கிற ஸ்விட்ச் கிடையாது. சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கினால் தொடர் நடுவில் அறுபடும், அவ்வளவுதான். ஒவ்வொரு பாதிக்குள்ளும் மின்சாரம் அப்படியே இருக்கும். எங்களோடு ஒரு மூத்த எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்தார். தினமும் காலையில் ரப்பர் கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, கன்னத்தருகே கொண்டுபோய் அழுத்துவார். ஊசித்துளை இருந்தால் காற்று கன்னத்தில் படும். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார். புதிதாக வரும் பையன்கள் முதல் வாரம் அவரைப் பார்த்து அப்படியே செய்வார்கள். சில மாதத்தில் கை பழகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். அவர் பணி ஓய்வு பெற்ற அன்று காலையிலும் கையுறையில் காற்றடைத்துப் பார்த்தார். அந்தப் பழக்கத்தை நீ அவரிடமிருந்து எடுத்துக்கொள்.

2. கதையைக் கேட்டபிறகு கை வை.

உன்னிடம் வருகிற எந்தப் பேட்டரியும் ஓர் ஊரில், ஒரு வெயிலில், ஒருவருடைய கையில் வாழ்ந்துவிட்டு வருகிறது. அது எங்கே ஓடியது, எப்படிச் சார்ஜ் ஏற்றினார்கள், தண்ணீரில் நின்றதா என்று கேள். நிஸ்ஸான் லீஃப் கார் 2010 இறுதியில் சந்தைக்கு வந்தது. அதன் பேக்கைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு எதுவும் இல்லை. அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்து வெயிலில் ஓடிய கார்கள் 2012-லேயே திறன் இழந்துவிட்டதாக அவற்றின் சொந்தக்காரர்கள் முறையிட்டார்கள். குளிர்ந்த ஊர்களில் ஓடிய அதே கார்கள் அந்த வேகத்தில் மூப்படையவில்லை. வேலூர் வெயிலில் கூரையில்லாமல் நின்ற ஸ்கூட்டரையும் குன்னூரில் ஓடிய ஸ்கூட்டரையும் ஒரே பேட்ச் எண்ணைப் பார்த்து ஒரே குவியலில் போட்டுவிடாதே.

வெள்ளம் இன்னும் பெரிய விஷயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் புகுந்த பேக் வந்த அன்று சாதுவாக இருக்கும். நாட்கள் கழித்துத் தீப்பிடிக்கவும் கூடும். அதனால் சரக்கு இறக்குகிற டிரைவரோடு இரண்டு நிமிடம் நின்று பேசு. ஒருமுறை தாள்களெல்லாம் சரியாக இருந்தன. கையெழுத்துப் போடுகிற நேரத்தில் டிரைவர், "இதுல பாதி மழைல நின்ன வண்டிங்கண்ணே" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக முழு லோடையும் கொட்டகைக்குள் விடாமல் வெட்டவெளியில் தள்ளித்தள்ளி வைத்தோம். அவர் சொல்லியிருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. யாராவது டீ வாங்கிக்கொடுத்து உட்காரவைத்தால் மனிதர்கள் சொல்வார்கள்.

3. உன் கைக்கு மீறிக் குவிக்காதே.

2024 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் மிசூரி மாநிலத்து ஃபிரெடரிக்டவுனில் ஒரு லித்தியம் பேட்டரி மறுசுழற்சி ஆலை பற்றி எரிந்தது. சுற்றியிருந்தவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. நம் தொழிலில் பெருந்தீ பிரிக்கிற மேசையில் தொடங்க வேண்டும் என்பதில்லை. சரக்கு அடுக்கி வைத்த இடத்திலும் தொடங்கலாம். ஒரு செல் சூடேறினால் பக்கத்துச் செல்லும் சூடேறும், அதன் பக்கத்தில் இருப்பதும். சரக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி அடுக்கும் ஆசை முதலாளிக்கு வரும். அப்போது வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். நீ வயதில் சிறியது என்றாலும், அந்த ஆளாக நீயே இரு.

4. ஓடக்கூடியதை உடைக்காதே.

திறன் 80 சதவீதத்துக்கு இறங்கினால் வண்டிக்கு அது போதாது என்பார்கள். வண்டிக்குத்தான் போதாது. சாலையில் விரையாமல் ஓரிடத்தில் நின்று, பகலில் சூரிய மின்சாரத்தை வாங்கி இரவில் கொடுக்க அது இன்னும் பல வருடம் உதவும். ஜப்பானில் ஃபுகுஷிமா மாகாணத்து நாமியே நகரம் 2011 அணு உலை விபத்தில் ஊரையே காலிசெய்த நகரம். அங்கே 2018-ல் நிஸ்ஸானும் சுமிதோமோவும் சேர்ந்து நடத்தும் ஃபோர்-ஆர் எனர்ஜி ஓர் ஆலையைத் திறந்தது. லீஃப் கார்களின் பழைய பேக்குகளை மாட்யூல் மாட்யூலாகச் சோதித்து மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். முதல் தரம் மறுபடி காருக்கே போகும். இரண்டாவது ஃபோர்க்லிஃப்டுக்கும் நிலையான சேமிப்புக்கும். மூன்றாவது மின்சாரம் நின்றால் கைகொடுக்கும் காப்பு மின்சாரத்துக்கு. வாழ முடியாமல் போன ஊரில் பழையதற்கு வாழ்வு கொடுக்கும் ஆலை வந்தது என்பது என் மனதில் தங்கிவிட்டது.

ஆனால் சோதிக்காமல் மறுவாழ்வு கொடுக்காதே. வோல்ட்மீட்டரை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு நல்ல செல் என்று விற்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். முழுதாக ஏற்றி, முழுதாக இறக்கி, உள்தடையை அளந்து, ஓய்வாக வைத்து வோல்ட் தானாக இறங்குகிறதா என்று பார்க்க நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுக்க மனமில்லை என்றால் அந்தச் செல்லை உடைக்கிற வரிசைக்கே அனுப்பிவிடு.

5. எது போயிற்று, எது மிச்சம் என்று பார்.

இதுதான் உன் வேலையின் உயிர். நிதானமாகச் சொல்கிறேன்.

எல்.எஃப்.பி. என்று நாம் சொல்கிற லித்தியம் இரும்பு ஃபாஸ்ஃபேட்டை எடுத்துக்கொள். மூத்த செல்லில் பெரும்பாலும் நடந்திருப்பது இது: கேத்தோடில் இருந்து போன லித்தியத்தில் ஒரு பங்கு, ஆனோடின் மேல் வருடக்கணக்கில் படிகிற படலத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி வரவில்லை. வீட்டில் குடியிருந்தவர்களில் சிலர் வெளியூரில் சிக்கிக்கொண்ட மாதிரி. சுவர் நிற்கிறது, கூரை நிற்கிறது. அங்கங்கே ஓர் இரும்பு அணு, போனவர் இடத்தில் வந்து உட்கார்ந்து, நடைவழியை மறித்துக்கொண்டிருக்கிறது. இதற்காகவா வீட்டை இடித்துச் செங்கல்லை எடைக்குப் போடுவது? போனவர்களைக் கூட்டிவந்து குடிவைத்தால் போதும். வழியில் உட்கார்ந்தவரை அவர் இடத்துக்கு அனுப்பினால் போதும்.

2020-ல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து ஆய்வாளர்கள் அதைச் செய்துகாட்டினார்கள். பழைய எல்.எஃப்.பி. பொடியை லித்தியம் உப்பும் சிட்ரிக் அமிலமும் கரைந்த தண்ணீரில் 60 முதல் 80 டிகிரி சூட்டில் வைத்தார்கள். எலுமிச்சையில் இருக்கிற அதே சிட்ரிக் அமிலம்தான். அது இரும்புக்கு எலெக்ட்ரானைக் கொடுக்க, லித்தியம் உள்ளே திரும்பிப் போக இடம் கிடைத்தது. பிறகு கழுவி, உலர்த்தி, உலையில் சுட்டார்கள். அன்றைய மறுசுழற்சி முறைகளோடு ஒப்பிட்டால் ஆற்றல் செலவு 80 முதல் 90 சதவீதம் குறைவு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். எல்.எஃப்.பி.யில் நிக்கலும் இல்லை, கோபால்ட்டும் இல்லை. உலோகமாக உருக்கி எடுக்கப் போகிறவர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பொடியாகவே மீட்டால்தான் அதற்கு மதிப்பு.

நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் மூன்றும் சேர்ந்த என்.எம்.சி. பொடி இவ்வளவு இணக்கமானது இல்லை. அதன் துகள்களில் விரிசல் விட்டிருக்கும். மேல்பரப்பு வேறு அமைப்பாக மாறியிருக்கும். லித்தியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் அழுத்தக்கலத்தில் 220 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி, பிறகு 850 டிகிரியை ஒட்டிக் கொஞ்ச நேரம் சுட்டால் லித்தியமும் அமைப்பும் திரும்புகின்றன. பிளந்துபோன துகள் அதனால் ஒட்டிக்கொள்ளாது. இன்னொன்றும் உண்டு: முன்பு மூன்று உலோகமும் சரிசமமாக இருந்த பொடிதான் வழக்கம்; இப்போது அந்த மூன்றில் பத்துக்கு எட்டுப் பங்கு நிக்கலாக உள்ளதை வாங்குகிறார்கள். நீ கச்சிதமாக மீட்டுக் கொடுத்தாலும் அது போன தலைமுறைப் பொடியாக இருக்கும். அப்போது நிக்கல் சேர்த்து மேல்தரமாக மாற்ற முடியுமா, வேறு யாருக்காவது பழைய தரமே போதுமா என்று யோசி. எதை மீட்கலாம், எதை மீட்க முடியாது என்று பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் நீ படித்த படிப்பின் பயன்.

6. உன் கையில் இருக்கும் பொடியை முதலில் செய்தவர்களைத் தெரிந்துகொள்.

ஜான் குட்இனஃப் 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் தன் குழுவோடு லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடைக் கேத்தோடாக்கிக் காட்டினார். 1997-ல், எழுபதைக் கடந்த வயதில், அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி ஆகியோரோடு சேர்ந்து நீ மீட்கப்போகிற இரும்பு ஃபாஸ்ஃபேட்டைக் கொண்டுவந்தார். அதற்கு முன் எண்பதுகளில், ஆக்ஸைடுக்குப் பதிலாகச் சல்ஃபேட் போன்ற தொகுதியை வைத்தால் மின்னழுத்தம் கூடும் என்று அவரோடு சேர்ந்து காட்டியவர் ஆறுமுகம் மந்திரம். தென்தமிழ்நாட்டுச் சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2019-ல் 97 வயதில் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரம்தான். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. மின்வேதியியல் நம் மண்ணுக்கு அன்னியமான கலை இல்லை. சந்தேகம் வந்தால் அங்கே உள்ளவர்களுக்கு எழுது. சரியாகக் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாத ஆராய்ச்சியாளரை நான் அதிகம் பார்த்ததில்லை.

7. பதறாதே.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நம் தொழிலில் அது பொடிக்குப் பொடி உண்மை. லித்தியம் கார்பனேட்டைப் பார். பெரும்பாலான உப்புகள் வெந்நீரில் நன்றாகக் கரையும், இது தலைகீழ். 20 டிகிரியில் நூறு மில்லித் தண்ணீரில் சுமார் 1.3 கிராம் கரைகிறது. கொதிநிலையில் சுமார் 0.7 கிராம்தான். அதனால் சூடாக வைத்தே படியவிட்டு, சூடான தண்ணீரிலேயே கழுவ வேண்டும். தண்ணீர் சூடாக நேரமாகிறது என்று குழாய்த் தண்ணீரில் கழுவிய ஷிஃப்டுகளை எனக்குத் தெரியும். மாசோடு சரக்கும் கரைந்து வடிகாலில் போயிற்று. யாருக்கும் கண்ணில் தெரியவில்லை. மாதக் கடைசியில் எடையில்தான் தெரிந்தது.

எல்.எஃப்.பி. சுடும்போது உலைக்குள் நைட்ரஜனோ ஆர்கானோ ஓட வேண்டும். முத்திரை கசிந்து காற்று உள்ளே போனால் இரும்பு ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும். கருப்பாகப் போன பொடி செம்பழுப்பாக வெளியே வரும். வாயு ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, உலைக்குள் பழைய காற்று முழுக்க வெளியேறும் வரை காத்திருப்பதற்கு அரைமணி ஆகலாம். அந்த அரைமணியைக் குறைக்கச் சொல்லி யாராவது உன்னை வற்புறுத்துவார்கள். பணிவாகக் கேட்டுக்கொள், குறைக்காதே.

8. அளந்ததைச் சொல், அளக்காததைச் சொல்லாதே.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் ஊர்ப் பழமொழி. நீ ஆற்றில் போடவில்லை. இன்னொரு பேட்டரிக்குள் போடப்போகிறாய். ஆனோடுக்குப் பின்னால் இருக்கும் செம்புத் தகடு சில மைக்ரான் தடிமன்தான். மின்சாரத்தை அளவுக்கு மீறி இறக்கிவிட்ட செல்லில் அந்தச் செம்பு கரையும். உடைக்கும்போது துணுக்குகளாகவும் பொடியில் கலக்கும். மீட்ட கேத்தோடில் செம்பு தங்கிவிட்டால், புதுச் செல்லுக்குள் அது கரைந்து மறுபக்கம் போய் உலோகமாகப் படிந்து, உள்ளேயே மின்சுற்றை இணைத்துவிடக்கூடும். கண்ணுக்குப் பொடி கருப்பாக, அழகாகத்தான் இருக்கும். ஆய்வுக்கருவிதான் சொல்லும்.

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்வண்டி தீப்பிடித்து, புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளை என்னால் மறக்க முடியவில்லை. நாம் செய்கிற பொருளின் பக்கத்தில் குடும்பங்கள் தூங்குகின்றன, கண்ணு. சோதனைத் தாளில் நீ எழுதுகிற ஒவ்வோர் எண்ணும் அவர்களுக்கு நீ கொடுக்கிற வாக்கு.

ஒரு கூடத்தில் ஆய்வகப் பொறுப்பில் இருந்த ஓர் அம்மா நினைவுக்கு வருகிறார். ஒரு லாட்டில் செம்பு வரம்புக்குச் சற்றே மேலே வந்தது. நல்ல லாட்டோடு கலந்தால் சராசரி வரம்புக்குள் வந்துவிடும், அனுப்பிவிடலாம் என்றார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சத்தம் போடவும் இல்லை. அந்தப் பீப்பாய்களின் மேல் தன் கையாலேயே சிவப்புச் சீட்டை ஒட்டி, கீழே தன் பெயரை எழுதிவிட்டு உட்கார்ந்தார். லாரி வெறுமனே திரும்பிப் போயிற்று. அந்த மாதம் அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. லாட் மறுபடி கரைக்கப்பட்டு, சுத்தமாகி, இரண்டு வாரம் தாமதமாகப் போனது. வாங்குகிறவர்கள் அதன்பிறகு அவர் கையெழுத்து இருந்தால் மறுசோதனை இல்லாமலே ஏற்றுக்கொண்டார்கள் என்பது பின்னால் நடந்தது. சீட்டை ஒட்டிய அன்று அது நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. நீயும் தெரியாமலே ஒட்டு.

9. வேறு வழியில் போகிறவரை இகழாதே.

பொடியைப் பொடியாகவே மீட்கக் கற்றுக்கொண்ட இளைஞர்கள், உருக்குகிறவர்களைக் காட்டுமிராண்டிகள் போலப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வேண்டாம். 1400 டிகிரிக்கு மேல் உருக்கும்போது லித்தியம் கசடோடு போய்விடும் என்பது உண்மை. ஆனால் என்ன ரகம் என்றே தெரியாமல் எல்லாம் கலந்து வந்த, அரைகுறையாக எரிந்த சரக்கை வாங்கிக்கொள்ள அவர்தான் இருக்கிறார். கந்தக அமிலத்தில் கரைத்து, நிக்கலையும் கோபால்ட்டையும் தனித்தனியாகப் பிரிப்பவர், உன்னால் மீட்க முடியாத பிளாக் மாஸை, அதாவது செல்களை உடைத்து அரைத்த கருப்புப் பொடியை, புது உப்பாக மாற்றித் தருகிறார். உன் பொடி சரியாக வராத அன்று நீ அவர்கள் வாசலுக்குத்தான் போவாய்.

10. விலை உன் மனதை ஆட்ட விடாதே.

லித்தியம் விலை 2022 இறுதியில் உச்சத்தில் இருந்தது. 2024-க்குள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. ஏறியபோது எல்லோரும் மறுசுழற்சிக்காரர்கள் ஆனார்கள். இறங்கியபோது கொட்டகைகளைப் பூட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு, உள்ளே சரக்கு அப்படியே கிடக்க. பூட்டிய கொட்டகைக்குள் கிடக்கும் பேட்டரிக்கு யார் பொறுப்பு?

சட்டம் கொஞ்சம் துணைக்கு வந்திருக்கிறது. நம் நாட்டில் 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், செய்து விற்றவரே பழையதற்கும் பொறுப்பு என்கின்றன. மின்வண்டிப் பேட்டரியிலிருந்து மீட்க வேண்டிய பொருளின் அளவு 2024-25-ல் 70 சதவீதம், அடுத்த ஆண்டு 80, 2026-27 முதல் 90. ஐரோப்பிய ஒன்றியம் லித்தியத்துக்கென்றே தனி இலக்கு வைத்திருக்கிறது: 2027 இறுதிக்குள் 50 சதவீதம், 2031-க்குள் 80. இந்த எண்களைத் தாளில் மட்டும் எட்டுகிற வித்தை தெரிந்தவர்கள் உன்னைத் தேடி வருவார்கள். வராத பேட்டரி வந்ததாக ஒரு சான்றிதழ், கையெழுத்து மட்டும் போதும் என்பார்கள். அவர்களுக்கு நாற்காலி போடாதே.

11. காயலான் கடைக்காரரை மதி, அவர் பிள்ளைகளையும் நினை.

பழைய பேட்டரி உன் ஆலைக்கு நேராக வரும் என்று நினைக்காதே. அது ஒரு மெக்கானிக்கிடம் போய், அவரிடமிருந்து காயலான் கடைக்குப் போய், அங்கிருந்து இன்னொருவர் வண்டியேறித்தான் பெரும்பாலும் வரும். அவர்கள் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. கோட்டுப் போட்டவர்கள் கூட்டங்களில் அவர்களை முறைசாராத் துறை என்று ஒதுக்கிப் பேசும்போது எனக்குக் கோபம் வரும். எந்தத் தெருவில் எந்த வண்டி ஓய்ந்து கிடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் தெரியாமல் உடைத்தால் என்ன ஆகும் என்பதை ஈயம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. செனகல் நாட்டில் டக்கார் நகரை ஒட்டிய தியாரோய் சூர் மெர் பகுதியில் பழைய கார் பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்துவந்தார்கள். வறியவர்கள், வேறு வருமானம் இல்லாதவர்கள். ஈயம் மண்ணில் இறங்கிற்று, தூசியாக வீட்டுக்குள் வந்தது. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். உடைத்தவர்களின் பிள்ளைகள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். மறுசுழற்சி என்ற நல்ல பெயரில் நடந்தது அது. லித்தியத்துக்கு அப்படியொரு ஊர் வரக்கூடாது என்பதுதான் எனக்கு மிஞ்சியிருக்கிற ஆசைகளில் பெரியது.

அதனால் உனக்குத் தெரிந்ததை அவர்கள் கடைவாசலில் போய்ச் சொல்லிக்கொடு. உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டால் மின்சாரம் இறங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். முனைகள் அரித்துப்போகும், எரியும் வாயு கிளம்பும், உள்ளே மின்சாரம் மிச்சமும் இருக்கும், கடைசியில் அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகும் என்று பொறுமையாக விளக்கு. உடைக்காமல் முழு பேக்காகக் கொண்டுவந்தால் உடைத்ததைவிட நல்ல விலை கொடுக்கும்படி உன் ஆலையில் பேசு. உபதேசத்தை மட்டும் கொண்டுபோனால் அவர் கேட்டுக்கொண்டே உடைப்பார். அவர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும்.

12. சிந்தியதைக் கூட்டி எடு.

உலகத்தில் வெட்டியெடுக்கிற கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் காங்கோவிலிருந்து வருகிறது. அங்கே கொல்வேசிப் பக்கம் கையால் குழி தோண்டி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளும் அதில் வேலைசெய்திருக்கிறார்கள். அவர்கள் கையிலிருந்து உன் மேசைவரை வந்த பொருளில் ஒரு கரண்டி தரையில் சிந்திவிட்டது என்று சாதாரணமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாதே. வடிகட்டியுள்ள உறிஞ்சியால் எடுத்து, எடைபோட்டு, திரும்ப வரிசையில் சேர்.

13. உடம்பைப் பார்த்துக்கொள்.

கடைசியில் எழுதுகிறேன் என்பதற்காக இதைக் கடைசியாக நினைக்காதே. நிக்கல், கோபால்ட் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பொடியைத் தகட்டோடு ஒட்டவைக்கிற பைண்டரைக் கரைக்கப் பயன்படும் என்.எம்.பி. என்ற கரைப்பான் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். அந்தப் பகுதியில் யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்பதை வெட்கப்படாமல் கேட்டு முடிவுசெய்துகொள். முகக்கவசம் உன் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்து வாங்கு. அடுத்தவர் கவசம் உனக்கு உதவாது. வேலை உடையை வீட்டுக்குக் கொண்டுவராதே, அங்கேயே குளித்துவிட்டு வா. ஈயக்கூடங்களில் அப்பாக்களின் சட்டையோடு தூசி வீட்டுக்குப் போனது.

எலெக்ட்ரோலைட்டில் இருக்கும் ஃபுளோரின் உப்பு ஈரம் பட்டால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை உண்டாக்கும். நீர்த்த நிலையில் அது தோலில் பட்டால் உடனே எரியாது. மணிக்கணக்கில் கழித்து வலி தொடங்கும்போது ஆழத்தில் இறங்கியிருக்கும். பட்டதாகச் சந்தேகம் வந்தாலே தண்ணீரில் நன்றாகக் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தடவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. என்ன பட்டது என்று எழுதிய தாளைக் கையோடு கொண்டுபோ. எல்லா மருத்துவரும் இந்த அமிலத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். சேர்ந்த முதல் நாளே அந்த ஜெல் எந்த அலமாரியில் இருக்கிறது, எந்தத் தேதியோடு காலாவதி ஆகிறது, இரவு ஷிஃப்டில் அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவை. ஜெல் இல்லை என்றால் வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடு. அது வந்து சேரும்வரை ஒரு செல்லையும் திறக்காதே.